கண்ணாடிக்குச் சொல்லிக்குடுத்த சைகை

ஆடி 2, வெள்ளி

பிள்ளையாரப்பா, பேனா புடிக்கற கைக்கு நீதான் தொணை.

இத எழுதச் சொன்னது சிந்து. எங்கண்ணன் பொன்னுசாமி மக, சிந்துஜா. அவ வேலை பாக்கற கம்பெனியில ஒரு கண்ணாடி பண்ணிருக்காங்க. வீட்டுல இருக்கற பொம்பள ஒருத்தி அதப் போட்டுப் பாத்து, என்னென்ன ஆச்சுன்னு எழுதிக் குடுக்கோணுமாம். "படிச்சவங்க எழுதுனா எங்களுக்கு எது புடிக்கும்னு பாத்து எழுதிடறாங்கத்தை. நீங்க பேசறாப்லயே எழுதுங்க"ன்னா. நான் பேசறாப்ல எழுதுனா உங்க கம்பெனில காயிதம் பத்தாது அம்மிணின்னேன்.

கம்பெனித் தம்பிகளா, தங்கச்சிகளா, எம்பேரு தெய்வாத்தாள். வயசு அம்பத்தாறு. காங்கேயத்துக்குப் பக்கத்துல ஊரு. எட்டாவது வரைக்கும் ஊருப் பள்ளிக்கூடம். கண்ணாலம் ஆகல. மூல நச்சத்திரம். பொண்ணு மூலமா இருந்தா மாமனாருக்கு ஆகாதும்பாங்க. எங்கப்பாவும் அப்பன் இல்லாத மாப்பிள்ளையாத் தேடிப் பாத்தாரு. எங்க பக்கம் அப்பனுகளெல்லாம் கெட்டியா இருந்தாங்க. அதுக்குப் பொறவு எங்கண்ணன் வீட்டப் பாத்துக்கிட்டது நாந்தான். சிந்து வண்டில இருந்து உளுந்து காலொடச்சுக்கிட்டதுனால கோயமுத்தூருக்கு வந்தேன். இப்ப கால் நல்லாருச்சு. அண்ணன் மருமக மாசமா இருக்கறா. அங்க சமையலுக்கு ஆள் வேணும். ஆடி முடிஞ்சதும் அண்ணன் வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு. ஒருக்காப் போனா இனி எங்கயும் வர முடியாது. அது கெடக்கட்டும், கண்ணாடிக் கதையச் சொல்றேன்.

கண்ணாடியப் போட்டா, எதப் பாக்கறமோ அதுமேல எழுத்துத் தெரியுது. தக்காளியப் பாத்தா தக்காளி மேல வெலை. பஸ்ஸப் பாத்தா அது எங்க போகுதுன்னு. எழுத்து அப்படியே காத்துல நிக்குது, தொட்டா கைல ஒட்டாது. வலது கைக்கு ஒரு மோதரம். நாம கைய ஆட்டுனா கண்ணாடி அதுபடி கேக்குது. உப்புக் கிள்ளறாப்ல ரெண்டு வெரலச் சேத்தா படம் புடிக்கும். ஈ ஓட்டறாப்ல வீசுனா எழுத்தெல்லாம் ஓடிரும். உள்ளங்கையப் பாத்தா கைக்குள்ள மணி தெரியும். கும்புட்டா எல்லாத்தையும் விட்டுப்போட்டு மொதல்ல இருந்த எடத்துக்கே வந்துரும்.

புதுசாவும் சொல்லிக்குடுக்கலாமாம். ஒரு சைகையக் கண்ணாடி முன்னால மூணு தடவ காட்டி, இதுக்கு இதுதான் அர்த்தம்னு வாயில சொல்லோணும். அப்பறம் எவங்க அந்தச் சைகையப் பண்ணுனாலும், அவங்க தாடைக்குக் கீழ அந்த அர்த்தம் எழுத்தாத் தொங்கும். சொல்லிக்குடுக்காததுக்கு "தெரியவில்லை"ன்னு வரும். நல்ல கொணம். நம்ம சொந்தக்காரங்கள்ல பாதிப் பேருக்கு இது கெடையாது.

ஆடி 3, சனி

ரசம் வெச்சேன். உப்புக் கிள்ளுனா ஒரு படம். பெருங்காயம் கிள்ளுனா ஒரு படம். கருவேப்பலையக் கிள்ளிக் கிள்ளிப் போட்டனா, சடசடன்னு படம். எல்லாம் நேரா சிந்து ஆபீசு டிவிக்குப் போயிருக்குது. பத்துப் பேரு உக்காந்து மீட்டிங்கு நடக்கறப்ப ரசச் சட்டி வந்துட்டே இருந்துச்சாம். "பெரிய சார் கேட்டாருங்கத்தை, பூண்டு தட்டிப் போட்டீங்களா, அரச்சுப் போட்டீங்களான்னு."

தட்டித்தான். அரச்சுப் போட்டா அது ரசமா?

ஆடி 5, திங்கள்

தப்புப் பண்ணிட்டேன். பிள்ளையார் மன்னிக்கோணும்.

எங்க லேஅவுட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு கண்ணாடியோட போனேன். ஐயரு தட்ட நீட்டுனாரு, துந்நூறு கிள்ளுனேன். கண்ணாடி ஓரத்துல செவப்பா மினுக்குனுச்சு. மூலவரப் படம் புடிச்சிருச்சு. "அம்மா, மூலவரப் படம் எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கமில்ல"ன்னாரு ஐயரு. பதறிப்போயி கன்னத்துல போட்டுக்கிட்டேன். அதுக்கு அது சத்தத்தக் கூட்டிருச்சு. பொள்ளாச்சில நாளைக்கு மழைன்னு எங்காதுக்குள்ள ஒருத்தி கத்தறா. கும்புட்டேன். எல்லாம் அடங்கி மொத எடத்துக்கு வந்துருச்சு. கும்புட்டா அடங்காதது உலகத்துல இல்ல.

இனிமே கோயிலுக்குள்ள மோதரத்தக் கழட்டி முந்தானைல முடிஞ்சுக்கறதுன்னு முடிவு.

ஆடி 6, செவ்வாய்

கோயிலுக்கு வெளிய பாதாம் மரத்தடில ஒரு சிமிட்டி பெஞ்சு இருக்குது. கால் வலின்னு சித்த உக்காந்தேன். அந்தக் கோடில ஒரு பெரியவரு, வெள்ள வேட்டி, நல்ல ஒசரம். ஆடிச் செவ்வாயாச்சே, கூட்டத்தக் காணமேன்னு பேச்சுக் குடுத்தேன். அப்படியே சிந்து கால், எங்கூரு மழை, ஐயரு கோவம்னு போச்சு. அவரு வாயே தொறக்கல. கையத்தான் இப்படியும் அப்படியும் ஆட்டுனாரு. ஈ ஓட்டறாருன்னு நெனச்சேன். அவரு தாடைக்குக் கீழ "தெரியவில்லை, தெரியவில்லை"ன்னு கண்ணாடி எழுதிட்டே இருந்துச்சு.

எதுத்தாப்ல பூ விக்கற மயிலாத்தாகிட்டக் கேட்டேன். "அவரு சென்னியப்பண்ணன். எங்க மில்லுல மேஸ்திரியா இருந்தவரு. நூல் மிஷின் ஓடற சத்தத்துல பேசுனா ஆருக்குங்க்கா கேக்கும்? நாங்கெல்லாம் கையாலதான் பேசுவோம். மில்ல மூடி எத்தன வருசமாச்சு, அவரு கை இன்னும் மூடல. காதும் பாதி போச்சு"ன்னா. சம்சாரம் தவறி ஏழெட்டு வருசமாம். ஒரே மக தாரணி, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கறாங்களாம்.

இதெல்லாம் நான் கேக்கல. அவளாச் சொன்னா.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. விரதம். காக்காய்க்குச் சோறு வெச்சேன். காக்கா மேல "காகம்"னு எழுத்து வந்துச்சு. எனக்குத் தெரியாதா.

ஆடி 10, சனி

கம்பெனிக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னு மில்லுச் சைகைய எல்லாம் கண்ணாடிக்குச் சொல்லிக்குடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். வேற காரணம் இல்ல.

சென்னியப்பண்ணன்கிட்ட, "உங்க சைகையெல்லாம் காட்டுங்க"ன்னு காதுகிட்டக் கத்திக் கேட்டேன். சிரிச்சாரு. முன்பல்லு ஒண்ணு சித்த கோணல். அவரு மூணு தடவ காட்ட, எதுத்தாப்ல இருந்து மயிலாத்தா கத்துன அர்த்தத்த நான் சொல்ல, கண்ணாடி படிச்சுக்கிச்சு. ரெண்டு வெரலத் தேச்சு விரிச்சா நூலு அறுந்துருச்சு. மீசைய முறுக்கறாப்ல காட்டுனா மேனேஜர் வர்றாரு. கட்ட வெரல வாய்கிட்டச் சாச்சா டீ. உள்ளங்கைய நெஞ்சுல தட்டுனா "நான் இருக்கறேன், நீ போ".

பாதிக்கு மேல மயிலாத்தா கூடையோட வந்து உக்காந்துக்கிட்டா. ரெண்டு பேருமா பழைய மேனேஜர ஏதோ கிண்டல் பண்றாங்க. ஒரு சத்தமில்ல. கண்ணாடில மட்டும் "மேனேஜர் வர்றாரு", "தெரியவில்லை", "மேனேஜர் வர்றாரு", "தெரியவில்லை"ன்னு ஓடுது. அவ கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறா. அந்தத் தெரியவில்லையில என்ன இருந்துச்சோ, கம்பெனிக்கு அனுப்பாம இருக்கறது நல்லது.

நீங்க வாயால பேசவே மாட்டீங்களான்னு கேட்டேன். பேசுனாரு. "பேசுவனுங்க அம்மிணி"ன்னாரு. மரத்துல இருந்த மைனாவெல்லாம் ஒட்டுக்காப் பறந்துருச்சு. உள்ள ஐயரு மணியக் கீழ போட்டுட்டாரு. அவரு காதுக்குக் கேக்கற அளவுக்குப் பேசுனா ஊருக்கே கேக்குது. அந்த வெக்கத்துலதான் பேசறதில்லையாட்டம் இருக்குது.

நான் நெறையாப் பேசறேன், அவரு பேசறதே இல்ல. ரெண்டையும் கூட்டி வகுத்தா ரெண்டு சாதாரண மனுசங்க.

ஆடி 13, செவ்வாய்

கூழு ஊத்துனாங்க. நல்ல கூட்டம். அப்பறம் பெஞ்சுல உக்காந்து, என்னமோ வாய் வந்தபடி எங்கதையெல்லாம் சொல்லிட்டேன். மூலம், எங்கப்பா, அப்பன் உள்ள மாப்பிள்ளைங்க, எங்கண்ணன் வீடு, ஆடி முடிஞ்சாப் போகோணுங்கறது. அவருக்கு எத்தன கேட்டுச்சோ தெரியாது. ஆனா என்ற மொகத்தையே பாத்துட்டிருந்தாரு. காது மந்தமானவங்களுக்கு வாயப் பாத்துப் புரிஞ்சுக்கற பழக்கம். அதனாலதான் பாத்தாரு.

நான் முடிச்சதும் ஒரு புதுச் சைகை காட்டுனாரு. ரெண்டு வெரல ஒட்டி வெச்சு, கண்ணுக்குக் கீழ தொட்டு, என்ற பக்கம் மெதுவாச் சாச்சாரு. கண்ணாடி தெரியவில்லைன்னுச்சு. நான் யோசிச்சேன். கைய மொகத்துகிட்டக் கொண்டு போறாரு. நேரமும் ஆச்சு. நம்ம பக்கம் ஒரு ஆளப் பாத்தா வேற என்ன கேப்பாங்க? "ஆச்சுங்க. கம்பங்கூழும் மொச்சக் கொழம்பும்"னு தலைய ஆட்டுனேன். அவரு மொகத்தப் பாக்கோணுமே. கார்த்திக தீவம் ஏத்துனாப்ல இருந்துச்சு. சாப்டதுக்கு இத்தன சந்தோசப்படறவர நான் பாத்ததில்ல.

ஊட்டுக்கு வந்து கண்ணாடிக்குச் சொல்லிக்குடுத்துட்டேன். இந்தச் சைகைக்கு அர்த்தம்: சாப்டாச்சா?

ஆடி 14, புதன்

கேட்டாரு. ஆச்சுங்கன்னேன்.

ஆடி 15, வியாழன்

கேட்டாரு. ஆச்சுங்க. கண்ணாடி நல்லா வேலை செய்யுது. அவரு தாடைக்குக் கீழ "சாப்டாச்சா?"ன்னு அழகா எழுதுது. எழுத்துத் தொங்கறதுக்கு நல்ல எடம், அவருக்கு நீளத் தாடை.

ஆடி 16, வெள்ளி

மாவெளக்குப் போட்டேன். சாயங்காலம் நாலரைக்குக் கேட்டாரு. நாலரைக்கு ஆராச்சும் சாப்டாச்சான்னு கேப்பாங்களா? கேப்பாங்க. நம்ம பக்கம் எந்நேரமும் கேப்பாங்க.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்குது. நான் தலையாட்டுனதும் அவரு மரத்தப் பாத்துச் சிரிக்கறாரு. நான் சாப்டா மரத்துக்கு என்ன?

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. சித்ரான்னம் அஞ்சு வகை பண்ணி மயிலாத்தாவுக்கும் ஒரு தூக்குல கொண்டு போனேன். போன எடத்துல, சும்மா, அந்தச் சைகையக் காட்டி இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். "ஆருங்க்கா உங்களுக்கு இதக் காட்டுனது?"ன்னா. சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல மடில இருந்த மல்லியெல்லாம் ரோட்டுல கொட்டிருச்சு. "எங்கூட்டுக்காரரு என்னைய இப்படித்தாங்க்கா..."ன்னு ஆரம்பிச்சா.

சாப்டாச்சான்னுதான் அர்த்தமாம். நான் சொல்லிக்குடுத்தது சரிதான். மாத்த வேண்டியதில்ல.

பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்பாங்க. எனக்குக் கண்ணாடி இருக்குது.

கொட்டுன பூவெல்லாம் பொறுக்கி எனக்கே கட்டிக் குடுத்துட்டா. இந்த வயசுல எதுக்குடீன்னேன். வெச்சுக்கிட்டேன். ஊட்டுக்கு வந்து சாதத்துக்கு ஒல வெச்சு அரிசி போட மறந்துட்டேன். பாத்திரம் கருகுன வாசத்துல சிந்து ஓடி வந்தா. அப்பறம் காப்பிக்கு உப்புப் போட்டேன். "அத்தை, காய்ச்சலா?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா. வெயிலு அம்மிணின்னேன். வெளிய மழை.

ஒண்ணு சொல்லோணும். இனிமே சென்னியப்பண்ணன்னு எழுதப்போறதில்ல. பேரு ரொம்ப நீளம், கை வலிக்குது. அவருன்னு எழுதறேன்.

ஆடி 19, திங்கள்

அவரு கேட்டாரு. ஆச்சுங்கன்னேன். நல்லாச் சத்தமா, ரெண்டு தடவ சொன்னேன். காது கேக்காதில்ல.

ஆடி 22, வியாழன்

அண்ணன் போன் பண்ணுனாரு. ஆவணி நாலு, புதன்கெழம காத்தால வர்றாராம். பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதாம். "துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்க. மருமகளுக்கு உன் கைச் சோறுதான் எறங்குது"ன்னாரு. சரிங்கண்ணான்னேன். முப்பது வருசமா அண்ணனுக்குச் சரிங்கண்ணா தவிர நான் வேற ஒண்ணும் சொன்னதில்ல. நல்லவரு. கோவக்காரரு, ஆனா படியேறி வந்தவங்களச் சாப்டாம அனுப்ப மாட்டாரு. வரப்புச் சண்டைக்கு வந்தவனக்கூட எலையப் போட்டு உக்கார வெச்சுட்டு, கை கழுவுனதுக்கப்பறம்தான் சண்டைய ஆரம்பிப்பாரு.

சாயங்காலம் பெஞ்சுல பேச்சுவாக்குல அவருகிட்ட, எங்கண்ணன் புதன்கெழம வர்றாருன்னேன். காத்தால வந்துருவாரு, மத்தியானம் பஸ்ஸேறிருவாரு, நடுவுல பத்து மணி வாக்குல சும்மாதான் இருப்பாரு, எங்க வீடு மூணாவது மாடி, லிப்ட்டு வேலை செய்யறதில்ல, மாடிப்படில ரெண்டாவது திருப்பத்துல ஒரு சைக்கிள் நிக்கும், பாத்து வரோணும். வர்றவங்களுக்குச் சொன்னேன். பொதுவா.

அவரு உள்ளங்கைய நெஞ்சுல தட்டுனாரு. கண்ணாடி, "நான் இருக்கறேன், நீ போ"ன்னுச்சு.

ஆடி 27, செவ்வாய்

கம்பெனிக்கு எழுத ஒண்ணுமில்ல. பொட்டில இருந்து அரக்குப் பட்ட எடுத்து வெயில்ல போட்டேன். பூச்சி அரிக்கும்னுதான். ஆடி எப்ப முடியுதுன்னு காலண்டரு பாத்தேன். ஆடில நல்லது ஒண்ணும் பேச மாட்டாங்க பாருங்க, பொதுவா.

சேலை மேல கண்ணாடி "பட்டு, கைத்தறி, பழையது"ன்னு எழுதுச்சு. பழையதுங்கறத ஈ ஓட்டறாப்ல ஓட்டி உட்டேன்.

ஆவணி 1, ஞாயிறு

நல்ல மாசம் பொறந்திருச்சு.

ஆவணி 4, புதன்

ஒண்ணு விடாம எழுதறேன். எழுத்துக் கோணலா இருந்தா படிக்கறவங்க பொறுத்துக்கோணும்.

அண்ணன் எட்டுக்கே வந்துட்டாரு. "கட்டி வெச்சுட்டியா?"ன்னாரு. "வெச்சுட்டனுங்கண்ணா." பையும் வாசல்ல தயாரா இருந்துச்சு. அடுப்படிய எட்டிப் பாத்துட்டு, "மூணு பேருக்கு எதுக்கு இத்தன சோறு? வடை, பாயசம் வேற"ன்னாரு. பிள்ளையாருக்கு வேண்டுதல்னேன். அது பொய்யில்ல.

பத்து மணிக்கு பெல்லு. சிந்து தொறந்தா. அவரு நிக்கறாரு. வெள்ளச் சட்டை, மடிப்புக் கலையல. பக்கத்துல அவரு மக தாரணி, கைல தட்டு. தேங்கா, பழம், வெத்தல பாக்கு, மல்லி. பின்னால மயிலாத்தா. "நான் பூக் குடுக்க வந்தேன்"னா. மூணு மாடி ஏறி எவ பூக் குடுப்பா.

தட்டப் பாத்ததும் அண்ணன் மொகம் மலந்துருச்சு. துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "வாங்க, வாங்க. சிந்துவுக்குங்களா? சொல்லி அனுப்பிச்சிருந்தா நாலு பெரியவங்களக் கூட்டி வெச்சிருப்பனே. பையன் எங்கீங்க?"

அவரு அண்ணன் வாயவே பாத்துட்டிருந்தாரு. பையன் எங்கங்கறது புரிஞ்சிருச்சு.

"நாந்தானுங்க."

மூணாவது மாடி முச்சூடும் அதிந்துச்சு. எதுத்த வீட்டுக் கதவு தொறந்துச்சு. மேல ஒரு கதவு. கீழ ஒரு நாய் கொலச்சுச்சு. சிந்து வாயப் பொத்திட்டு என்னையத் திரும்பிப் பாத்தா. நான் கொத்தமல்லி ஆய்ஞ்சுட்டிருந்தேன். ஆஞ்ச தழையக் குப்பைல போட்டு, தண்டப் பாத்திரத்துல போட்டுட்டிருந்தேன்.

"எங்கப்பாவுக்குத்தானுங்க"ன்னா தாரணி. நல்ல புள்ள, நிமுந்து பேசுனா. "உங்க தங்கச்சியக் கேட்டு வந்திருக்கறோம். அப்பா தனியா இருக்கறாரு. நான் திருப்பூர்ல இருந்து எத்தன நாளைக்கு ஓடியாற முடியும்? அவங்களுக்கும் சம்மதம்னு அப்பா சொன்னாரு."

"ஏனுங்க, இந்த வயசுல என்ன பேச்சுங்க இது? அதும் அவளுக்கு மூலம். மாமனாருக்கு ஆகாது."

தாரணி அவங்கப்பன் காதுகிட்டச் சொன்னா.

"எங்கப்பன் செத்து முப்பது வருசம் ஆச்சுங்க."

மாடிப்படில நாலஞ்சு பேரு சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. ஐயோ, இது நமக்குத் தோணாமப் போச்சேன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. மாமனாருக்கு வயசானா மூலத்துக்கும் வயசாயிருது.

அண்ணனுக்கு மொகம் செவந்துருச்சு. அவங்கள உள்ள உட்டுக் கதவச் சாத்திட்டு வந்து எம்முன்னால நின்னாரு. "ஏம்மிணி. நீ சரின்னியா?"

அண்ணன் அப்படி நின்னு கேட்டா எனக்கு வாய் வராது. இத்தன பேசற வாய். வேற ஒண்ணு வந்துருச்சு. "சாப்டாச்சான்னு கேக்கறாருன்னு நெனச்சுத் தலைய ஆட்டுனனுங்கண்ணா. இந்தக் கண்ணாடில அப்படித்தான் எழுதுச்சு."

சொன்னதும் மயிலாத்தா, "அக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

தாரணி அதையும் அவங்கப்பன் காதுல சொன்னா. அவரு ஆட்டம் நின்னுபோச்சு. கரண்டு போனா மிஷின் எப்படி நிக்கும், அப்படி. ஸ்டூல்ல வெச்சிருந்த தட்டத் தொட்டாரு, எடுக்கல. மெதுவா என்ற பக்கம் திரும்பி, ரெண்டு வெரல ஒட்டி வெச்சு, கண்ணுக்குக் கீழ தொட்டு, என்ற பக்கம் சாச்சாரு. அவரு தாடைக்குக் கீழ "சாப்டாச்சா?"ன்னு எழுத்துத் தொங்குது. அந்த எழுத்தப் பாத்து எனக்கே எம்மேல வெறுப்பா இருந்துச்சு.

"என்னது அது? என்ன காட்டறாரு?"ன்னாரு அண்ணன்.

நான் கண்ணாடியக் கழட்டி அண்ணன் மூக்குல மாட்டி உட்டேன். "நீங்களே படிச்சுக்கங்கண்ணா."

அவரு ஒருக்கா மறுபடியும் காட்டுனாரு. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. "சாப்... டாச்சா."

இப்ப எங்கண்ணுல கண்ணாடி இல்ல. எனக்கு எழுத்து ஒண்ணும் தெரியல. மனுசன் மட்டும் தெரிஞ்சாரு. ரெண்டு வெரல ஒட்டி வெச்சேன். கண்ணுக்குக் கீழ தொட்டேன். அவரு பக்கம் சாச்சேன்.

மயிலாத்தா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. தாரணி கண்ணத் தொடச்சா. அவரு மறுபடியும் கார்த்திக தீவம்.

அண்ணன் கண்ணாடியோட எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. "நீயும் அதையேதான் கேக்கற. அவரு சாப்டாச்சாங்கறாரு, நீ சாப்டாச்சாங்கற. ஏனுங்க, நீங்க திருப்பூர்ல இருந்து வெறும் வயித்துலயா வந்தீங்க?"

"அப்பா காத்தால இருந்து பச்சத் தண்ணி குடிக்கலீங்க. பயம்"னா தாரணி.

"அதச் சொல்ல மாட்டீங்களா? பேச்சு எங்க போகுது, அப்பறம் பேசிக்கலாம். படியேறி வந்தவங்க சாப்டாம நிக்கறதா? சிந்து, எலையப் போடு. உக்காருங்க. உக்காருங்கன்னா உக்காரோணும்."

எலை வாங்கி வெச்சிருந்தேன். தற்செயலா.

தெரியாதவங்களுக்காக எழுதறேன், கம்பெனில வெளியூர்ப் புள்ளைங்க இருக்கலாம். எங்க பக்கம் பொண்ணுக் கேட்டு வந்தவங்க, பேச்சு முடியற வரைக்கும் பொண்ணு வீட்டுல தண்ணியத் தவர ஒண்ணும் தொட மாட்டாங்க. சோத்துல கை நனச்சுட்டாங்கன்னா சம்பந்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் ரெண்டு பக்கமும் பின்வாங்க முடியாது. பிரமனே வந்தாலும் முடியாது.

அண்ணனே பரிமாறுனாரு. மூக்குல கண்ணாடியோட. சோறு, பருப்பு, நெய்யி. வடைய வேண்டாங்க வேண்டாங்கன்னாலும் வெச்சாரு. அவரு தலையக் குனிஞ்சுட்டு சாப்புடறாரு. ஒரு பருக்கை சிந்தல. தாரணியும் சாப்புடறா. மயிலாத்தா சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்து குலுங்கறா. சிந்துவுக்கு ரசத்துலதான் வெளங்குச்சு. கரண்டியோட நின்னுட்டு, "அப்பா..."ன்னா. "நீ ஊத்தும்மிணி, பேச்சு அப்பறம்"னாரு.

பாயசத்துக்கு ரெண்டாவது கரண்டி ஊத்தறப்பத்தான் அண்ணனுக்கே வந்துச்சு. கரண்டி காத்துல நின்னுருச்சு. எலையப் பாத்தாரு. அவரு கையப் பாத்தாரு. தட்டப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டி என்னையப் பாத்தாரு.

"கை நனச்சுட்டாங்களா?"

பதில் சொன்னது அவருதான். "பாயசத்துல சக்கர கம்மிங்க."

நாய் மறுபடியும் கொலச்சுச்சு. அண்ணன் அப்படியே தரைல உக்காந்துட்டாரு. தோள் குலுங்குச்சு. அழுகறாரோன்னு பயந்துட்டேன். சிரிக்கறாரு. "எந்தங்கச்சி வெச்ச பாயசத்துல கொறை சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க. எங்கூட்டுல ஒருத்தருக்கும் தைரியம் வல்ல"ன்னாரு. சிரிச்சு முடிச்சுத் துண்டுல மொகத்தத் தொடச்சுட்டு, சித்த நேரம் வாசல்ல இருந்த எம் பையப் பாத்துட்டிருந்தாரு.

"அப்ப எங்கூட்டுக்கு ஆரும்மிணி வர்றது?"

"பேறுகாலத்துக்கு வருவனுங்கண்ணா. பத்தியம் வெச்சுக் குடுத்துட்டு வருவேன். ஒறம்பரையா வருவேன். ரெண்டு பேரா."

ஒறம்பரைன்னா விருந்தாளி. அந்த வார்த்தைய எம் பொறந்த ஊட்டுக்கு நான் சொன்னது இதுதான் மொதல் தடவ. அண்ணன் பாயசத்துக்குச் சக்கர டப்பாவ எடுத்துட்டு வரப் போனாரு.

ஆவணி 5, வியாழன்

அண்ணன் காத்தால பஸ்ஸேறிட்டாரு. பதிமூணாந்தேதி வெள்ளிக்கெழம, பிள்ளையார் கோயில்லயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டுத்தான் ஏறுனாரு. என்ற பையத் தூக்கிட்டுப் போகப் பாத்தாரு, சிந்து புடுங்கி வெச்சுக்கிட்டா.

அப்பறம் எங்கிட்ட வந்து உக்காந்தா. அவ சிரிக்காம வந்தா எனக்குப் பயம்.

"அத்தை, கண்ணாடி எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும். ஆடிப் பெருக்கன்னைக்கு சாயங்காலம் அந்தச் சைகைக்கு வேற அர்த்தம் சொல்லிக்குடுத்திருக்கறீங்க. 'கட்டிக்கறீங்களா'ன்னு. சித்த நேரத்துல மறுபடியும் சாப்டாச்சான்னே மாத்திருக்கறீங்க."

"மோதரம் கைல இருந்தா என்னென்னமோ ஆகுது. ரசத்துலயே பாத்தயில்ல?"

"கைய ஆட்டுனா மாறாதுங்கத்தை. வாயில சொல்லோணும்."

"பிள்ளையார் சொல்லிருப்பாரு."

"உங்க கொரல்லயா?"

பிள்ளையாருக்கு எந்தக் கொரல்ல வேணும்னாலும் சொல்ல வரும்னேன். அவ எம்மடில உளுந்து சிரிச்சா. சின்னப் புள்ளைல உளுந்தாப்லயே.

கம்பெனில கேக்கறாங்களாம், அர்த்தத்த இப்பவாச்சும் சரியா மாத்தட்டுமான்னு. வேண்டாந் தம்பிகளா. அப்படியே இருக்கட்டும். எங்கண்ணனுக்கு அதுதான் புரியுது.

ஆவணி 13, வெள்ளி

ஆச்சுங்க.